சும்மா பிறந்த தண்ணீர்

தேஹு ரோடு
9 நவம்பர் 1997

அன்புள்ள பத்ரி,

நீ ஜெர்மனி போய் இரண்டு மாதம் ஆகிறது. இமெயிலில் நீ எழுதுவதெல்லாம் நம் ஹெட் அப்யங்கர் சாரும் சேர்ந்து படிக்கிற மாதிரி இருக்கிறது. டிபார்ட்மெண்டுக்கே ஒரு டெர்மினல், எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். அதனால் தபால். என் தமிழ், அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் பைபிளை வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ். மயிலாப்பூர்க்காரன் சிரிக்கலாம், திருத்தி மட்டும் அனுப்பக்கூடாது.

நம் ஆராய்ச்சிப் பேப்பரைப் பத்திரிகையில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கமாவைக்கூட மாற்றச் சொல்லவில்லை. சார் எல்லாருக்கும் பேடா வாங்கிக் கொடுத்துவிட்டு, "நாலு வருஷமாக மலை மேல் பாதி மழைதான் பெய்வேன் என்று அடம்பிடித்த மாடல், இவர்கள் கையில் அளந்து வைத்த மாதிரி பெய்திருக்கிறது" என்று மராத்தியில் ஒரு சின்ன பிரசங்கமே செய்தார். ஒரு மழைக்காலம் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்க்கிற வேலை என்று அப்பாவிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நேற்றுதான் முதல் தடவையாக, "அப்போ மழ வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன்.

உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. ஓட்டியதும் எழுதியதும் நீ. புரோகிராமில் பாதி நான். எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம்தான்.

என் வேலையை மறுபடி ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இது புரியவே புரியாது. "எங்க டிப்போல பியூன்கூட ரெண்டு வருஷத்துல பர்மனென்ட் ஆயிடறான். நீ டாக்டர் பட்டம் வாங்கி இன்னாத்துக்குமா டெம்ப்ரவரி?" காட்பாடியிலிருந்து ஒரு வரன் வேறு வந்திருக்கிறது. இந்தப் பேப்பரைக் காட்டி ஒரு வருஷத்துக்கு வாயை அடைத்திருக்கிறேன்.

உன் நாற்காலியில் சார் புது பிரிண்டரை வைத்துவிட்டார். உன்னைவிடச் சத்தம் குறைவு.

ஜான்சி


பிரெமன்
22 மார்ச் 1998

அன்புள்ள ஜான்சி,

உன் கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறவனை நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்.

போன வாரம் இங்கே ஒரு கருத்தரங்கில் நம் பேப்பரைப் படித்தேன். முடிந்ததும் ஆறேழு பேர் வரிசையில் நின்று கேள்வி கேட்டார்கள். அங்கே விஷ்ராந்த்வாடி மாடி அறையில் பூரானோடு குடித்தனம் செய்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். மறுநாளே என் பேராசிரியர் என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டுக்கு நீட்டித்துவிட்டார். அதோடு, அடுத்த ஆண்டு இன்னொரு போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளர் இடம் வரும் என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். பேப்பரில் உன் பெயரைப் பார்த்தவர்தான், தலையை ஆட்டினார். இந்தப் பேப்பர் நிற்கிறவரை நம் இருவருக்கும் கவலை இல்லை.

டேப்பில் கொண்டுவந்த புரோகிராமை முழுவதும் அச்செடுத்துப் படித்தேன். நானூறு பக்கம். அங்கங்கே நீ எழுதி வைத்திருக்கிற குறிப்புகளையும் படித்தேன். அதைப் பற்றி உனக்கு ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒன்றும் அவசரமில்லை.

அப்பாவை இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளச் சொல். ஏன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வாய் என்று யோசித்தேன். எனக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. ஆனாலும் சொல்.

பத்ரி


தேஹு ரோடு
14 ஜனவரி 2001

அன்புள்ள பத்ரி,

அந்த ஜெர்மனி இடத்தைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. மூன்று வருஷமாக அடுத்த வருஷம் என்கிறாய். இருக்கட்டும். இது வேறு விஷயம். உட்கார்ந்து படி.

மீனு என்று கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். நம் புரோகிராமை அவளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை வந்து, "அக்கா, உள்ள வர்ற தண்ணியவிட மழையா கொட்டுற தண்ணி அதிகமா இருக்குதுங்க. எங்கிருந்துங்க்கா வருது?" என்றாள். கூட்டல் தப்பு, மறுபடி போடு என்று அனுப்பினேன். மறுபடி போட்டாள். பிறகு நானே போட்டேன். பிறகு இரண்டு நாள் புரோகிராமை வரி வரியாகத் தேடினேன்.

96-இல் நான் எழுதிய ஒரு வரி. உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு முறையும் இருபதாவது நாளில் மாடல் செத்துப் போகும். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று ஈரத்தை ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிறபோது, கணக்கின் கோளாறால் சில கட்டங்களில் ஈரம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். இல்லாததைவிடக் குறைவான தண்ணீர். பக்கத்துக் கட்டத்திலிருந்து எடுத்துத்தான் அதை நிரப்ப வேண்டும். அதை எழுத ஒரு வாரமாகும். நீ வெள்ளிக்கிழமைக்குள் ஓட்ட வேண்டும் என்று தலைகீழாக நின்றாய். நான் ஒரே வரியில், பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழிலேயே குறிப்பும் போட்டேன்: தற்காலிகம், பிறகு எடுக்கவும், ஜா.

எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. மாடலின் கணக்கில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, நூற்றுக்கணக்கான கட்டங்களில், கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் சும்மா பிறந்திருக்கிறது. நான்கு மாத மழைக்காலத்துக்குக் கூட்டினால், மலை மேல் குறைந்துகொண்டிருந்த அந்தப் பாதி மழை வந்துவிடுகிறது. வரியை எடுத்துவிட்டு, சரியாக எழுதி ஓட்டினேன். பழையபடி பாதி மழை. விடை தப்பாக வந்திருந்தால் தோண்டித் துருவியிருப்போம். சரியாக வந்துவிட்டது, பேடா தின்றோம்.

அந்தப் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் போடுவார்கள். எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஏப்ரலில் இங்கே நிரந்தர வேலைக்கு இண்டர்வியூ. ஆகஸ்டில் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது, அதற்குப் பிறகு விண்ணப்பமே போட முடியாது. இப்போதே நாமாகச் சொல்லிவிட்டால், தப்புச் செய்தாலும் ஒத்துக்கொள்கிறவள் என்றாவது நினைப்பார்கள். பிறகு சொன்னால் மறைத்தவள். எனக்கு இருப்பது இந்த ஒரு வாய்ப்புதான், பத்ரி.

ஜான்சி


பிரெமன்
3 பிப்ரவரி 2001

அன்புள்ள ஜான்சி,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ சொல்வது சரி. அதில் எனக்கு மறுப்பே இல்லை. திருத்தம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஜூன் வரை பொறு. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு நிரந்தர இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மே மாதம் முடிவு. அவர்கள் கையில் என்னைப் பற்றி இருப்பதெல்லாம் இந்தப் பேப்பர்தான். இரண்டு நாட்டில் நான்கு ஒப்பந்தம், எட்டு வருஷமாகப் பெட்டியைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். இது போனால் சென்னைக்கு வந்து டியூஷன் எடுக்க வேண்டியதுதான். நீயாவது உன் வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறாய்.

இண்டர்வியூவில் இதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? இத்தனை வருஷம் கேட்காதவர்கள் ஏப்ரலில் மட்டும் கேட்பார்களா? உனக்கும் அந்தப் பேப்பர் வேண்டும், அதையும் நினைத்துப் பார். அப்யங்கர் சாரிடம்கூடச் சொல்லாதே, அவருக்குத் தெரிந்தால் இங்கே தெரிய ஒரு நாள் ஆகாது. மீனுவையும் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல். ஜூன் ஒன்றாம் தேதி கையெழுத்துப் போடுகிறேன், சத்தியமாக.

ஜூனில் நேரில் வரலாம் என்றும் இருக்கிறேன். உன்னிடம் வேறு ஒன்றும் பேச வேண்டும், பல வருஷமாகப் பேசாமல் வைத்திருப்பது. கடிதத்தில் வேண்டாம்.

எனக்காகப் பொறு.

பத்ரி


தேஹு ரோடு
29 ஏப்ரல் 2001

பத்ரிநாத் அவர்களுக்கு,

இண்டர்வியூ இருபத்தைந்தாம் தேதி நடந்தது. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

ஐந்து பேர் இருந்தார்கள். முதல் பதினைந்து நிமிஷம் நன்றாகவே போனது. பிறகு வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒரு காகிதத்தை எடுத்தார். வேறு ஊரில் ஒரு குழு நம் மழையைத் திரும்பக் கொண்டுவர முடியாமல் தவிக்கிறதாம். அதனால் இண்டர்வியூவுக்கு முன்பு, பேப்பரில் முதல் பெயர் உங்களுடையது என்று, அப்யங்கர் சார் உங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள். அதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "புரோகிராமின் அந்தப் பகுதியை எழுதியதும் சோதித்ததும் ஜான்சி. அதைப் பற்றி அவரிடம் கேட்பதே சரியாக இருக்கும்." அவ்வளவுதான், இரண்டே வரி.

கேட்டார்கள். அந்தப் பகுதியில் தப்பு இருக்கிறதா? இருக்கிறது என்றேன். எப்போது தெரியும்? ஜனவரியில் என்றேன். "ஜனவரியில் தெரிந்து, ஏப்ரலில் இந்தப் பேப்பரோடு விண்ணப்பத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்றார். இங்கிலீஷில்தான், மரியாதையாகத்தான்.

ஜூன் வரை பொறு என்று நீங்கள் எழுதிய கடிதம் என் கைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தாலும் அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதற்காக எடுக்காமல் இருக்கவில்லை. உங்கள் மே மாதம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை. நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம்.

வெளியே வந்தபின் சார் என் பின்னாலேயே வந்தார். "ஜனவரியில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை நான் தூக்கி நிறுத்தியிருப்பேனே, மகளே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. சிவாஜிநகரில் லோக்கல் ரயிலைப் பிடித்து, தேஹு ரோடு தாண்டி, தளேகாவ் போய்த்தான் இறங்கினேன். அப்பா ஸ்டேஷனில் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார், வேலை கிடைத்த சேதியோடு வருவேன் என்று.

திருத்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இனி அதற்கு ஜூன் தேவையில்லை.

ஜான்சி தங்கராஜ்


பிரெமன்
20 மே 2001

அன்புள்ள ஜான்சி,

சார் திடீரென்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நீயே அதை ஒத்துக்கொள்வாய். அது இண்டர்வியூவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

உன்னைப் போன்றவளுக்கு இது இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும்.

எனக்கு இடம் உறுதியாகிவிட்டது. இந்தச் சமயத்தில் திருத்தம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நாள் போகட்டும். ஜூனில் வர முடியும் என்று தோன்றவில்லை.

பத்ரி


பிரெமன்
17 செப்டம்பர் 2006

அன்புள்ள ஜான்சி,

உன் விலாசத்தை மீனுவிடம் கெஞ்சி வாங்கினேன். நீ சிஞ்ச்வட்டில் கார் உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மோதல் சோதனைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற வேலையில் இருக்கிறாய் என்றும், இருதயராஜ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாய் என்றும் அவள்தான் சொன்னாள். சந்தோஷம் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

2001-இல் அதற்குப் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. நீ தனியாக அனுப்பிய திருத்தத்தை, இரண்டாவது கையெழுத்து இல்லை என்று பத்திரிகை திருப்பி அனுப்பியதையும் அவற்றில் படித்தேன். பதில் எழுதவில்லை. அலமாரியில் வைத்தேன், வீடு மாற்றியபோதெல்லாம் கூடவே எடுத்துப்போனேன். அவ்வளவுதான் செய்தேன்.

போன மாதம் என் மாணவி ஒருத்தி அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். உன் குறிப்பில் இருந்த சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். தற்காலிகம் என்றால் என்ன என்று சொன்னேன். "அப்படியானால் பத்து வருஷமாக ஏன் இருக்கிறது?" என்றாள்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வரியை நான் முதலில் பார்த்தது உன் 2001 கடிதத்துக்குப் பிறகு அல்ல. 98 மார்ச்சில், நானூறு பக்கத்தையும் அச்செடுத்துப் படித்தேன் என்று எழுதினேனே, அப்போதே பார்த்துவிட்டேன். அதை எடுத்துவிட்டு ஓட்டியும் பார்த்தேன். பாதி மழை. மூன்று நாள் வெளியே போகாமல் அறையிலேயே கிடந்தேன். நான்காம் நாள் அதைத் திரும்பப் போட்டேன்.

எனக்காக மட்டும் என்று நினைக்காதே. அந்தப் பேப்பர் இருந்தால் உன்னை இங்கே வரவழைத்துவிடலாம், வந்த பிறகு இரண்டு பேருமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். வந்ததும் உன்னிடம் கேட்க வேண்டும் என்றிருந்ததை நீ ஊகித்திருப்பாய். நம் இருவருக்காகவும்தான் செய்தேன். பிறகு அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உன்னிடம் அதைச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை, ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றேன். இன்றுவரை நான் தனியாகத்தான் இருக்கிறேன். அதற்காக நீ இரக்கப்பட வேண்டாம்.

திருத்தத்தைப் புதிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, இதோடு அனுப்பியிருக்கிறேன். தப்பு இருவருடையது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு துறைத்தலைவர் பொறுப்பை எனக்குக் கொடுப்பதாக இருக்கிறார்கள். அதற்கு முன்னால் இது முடிந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நீயும் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

பத்ரி


சிஞ்ச்வட்
8 அக்டோபர் 2006

பத்ரி,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. இருதயராஜிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ரயில்வேக்காரர், மாடலும் தெரியாது, பேப்பரும் தெரியாது. படித்துவிட்டு, "இதுக்கு நீதான் பதில் எழுதணும், யார்கிட்டயும் கேக்காத" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

இந்த ஐந்து வருஷமும் நான் உன்னை வெறுத்தது அந்த இரண்டு வரி இமெயிலுக்காக. பயந்துபோய் எழுதிவிட்டான் என்று சில நாள் எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தச் சமாதானமும் போய்விட்டது. 98-க்குப் பிறகு அதே மாடலை வைத்து நான் இன்னும் இரண்டு பேப்பர் எழுதினேன். இரண்டையும் உனக்கு அனுப்பினேன், நீ வாழ்த்துச் சொன்னாய். மூன்று மழைக்காலம் அந்த அறையில் ஏ.சி.யில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்து, இல்லாத தண்ணீரை ஓட்டிக்கொண்டிருந்தேன், பத்ரி. ஒரு வார்த்தை போதுமே, நிறுத்தியிருப்பேன். முப்பத்தொரு வயதில் தப்பை ஒத்துக்கொண்டிருந்தால் எனக்கு எல்லாம் மிச்சம் இருந்தது. சாரும் இருந்தார். போன வருஷம் தவறிவிட்டார், உனக்குத் தெரிந்திருக்கும். கடைசி வரைக்கும் நான் ஏன் மறைத்தேன் என்று அவருக்குத் தெரியாது. அப்பா மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் வரியை எழுதியவள் நான். எடுக்க மறந்ததும் நான். அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. இங்கே கம்பெனியில் தினமும் கார் பம்பரை மோத விடுகிறேன், கம்ப்யூட்டருக்குள்தான். ஓட்டி முடித்தவுடன் உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. கூட வேலை செய்கிற பசங்களுக்கு என்னைக் கண்டால் எரிச்சல்.

நம் இருவருக்காகவும்தான் செய்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான்கு நாள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டாயா? ஒரு தடவை கேட்டிருக்கலாம். காட்பாடிக்காரனை வேண்டாம் என்றேன், அதற்குப் பிறகு வந்த அம்பத்தூர்க்காரனையும் வேண்டாம் என்றேன். அம்மா அழுதாள். எதற்காக என்று நினைத்தாய்? ஜெர்மனி பார்க்க வேண்டும் என்றா? அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நீ வந்து கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேன். விஷ்ராந்த்வாடி மாடி அறைக்கே வந்திருப்பேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், இருதயராஜுக்கும் தெரியும்.

மன்னிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. திருத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் படிவத்தைப் படித்தேன். "இப்பிழையை ஆசிரியர்கள் இருவரும் 2001-இல் கண்டறிந்தனர்" என்று இருக்கிறது. எனக்குக் கடிதத்தில் 98 என்று எழுதுகிறாய், அச்சில் 2001 என்று எழுதுகிறாய். துறைத்தலைவர் பொறுப்பு என்று நீ எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, அதன் மேலேயே எழுதியிருக்கிறேன்: "இப்பிழையான வரியை எழுதியவர் ஜான்சி தங்கராஜ். அவர் அதை 2001 ஜனவரியிலும், பத்ரிநாத் 1998 மார்ச்சிலும் அறிந்தனர்." கீழே என் கையெழுத்து இருக்கிறது.

பத்திரிகைக்கு நான் அனுப்பவில்லை. உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அடித்து எழுதிய இடத்தில் இருவரும் சுருக்கமாகக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லுமாம். நான் போட்டுவிட்டேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஜான்சி